கடல் அட்டையின் பின்பாதி

பழைய ராட்சத மிருகப் படங்களின் இசையைத் திரட்டி ஒரு தொகுப்பு போடலாம் என்று எங்கள் கம்பெனி முடிவு செய்தது. பட்டியலைப் பார்த்ததும் மினேகிஷி முகம் சுளித்தாள். எல்லாத் தரப்புக்கும் இடம் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்காகத் தலைமை அலுவலகம் அனுப்பிய பெண் அவள்.

"சிறகு இருக்கிறவங்க, பல்லு இருக்கிறவங்க, கத்துறவங்க. முதுகெலும்பு இல்லாதவங்க ஒருத்தர்கூட இல்லையே?"

"நம்ம ஆபீஸ்லயே நிறைய இருக்காங்க" என்றார் பிரிவுத் தலைவர் முரோயா, தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி.

அப்படித்தான் ஹிஷினுமாவைத் தேடிப் பிடித்தோம். டோக்கியோவின் நெரிமா பகுதியில் ஒரு பொதுக் குளியல் கூடத்தில் தொட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். இளவயதில் டோக்கியோவை அழித்தவர். நமரோன் என்ற ராட்சதக் கடல் அட்டையின் ரப்பர் உடைக்குள் இரண்டு பேர் நுழைய வேண்டும். முன்பாதிக்காரர் பெயர் திரையில் வந்தது. பின்பாதி ஹிஷினுமாவின் பெயர் வரவில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? கடல் அட்டைக்கு ஆயுதமே பின்பக்கம்தான். எதிரி நெருங்கினால் குடலை அந்த வழியாகத்தான் வீசும். பசையில் ஊறிய நூடுல்ஸை வாளி வாளியாக வீசி ராணுவத்தை விரட்டியது இவர் கைதான். முன்பாதி சும்மா ஊர்ந்தது. அவரை ஆபீசுக்கு அழைத்துவந்து தேநீர் கொடுத்து உட்காரவைத்தோம்.

"அந்தப் படத்துக்கு இசையே போடலையே. பணம் தீர்ந்துபோச்சுன்னு கேள்வி" என்றார் முரோயா.

"போட்டாங்க. கடைசி நாள் நமரோன் செத்துக் கிடந்தப்ப மேளம் அடிச்சாங்க. உள்ளே படுத்துக்கிட்டு நானே கேட்டேன். அதைச் சேருங்க. பக்கத்துல, பின்பாதி ஹிஷினுமான்னு போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அடிச்சுக் காட்டுங்களேன்" என்றாள் மினேகிஷி.

அவர் கண்ணை மூடி மேசையில் மெதுவாகக் குத்தினார். டம் டம் டம். டம் டம் டம். டம் டம் டம். டம்.

விருந்து முடிந்தால், பேரம் படிந்தால், வேலை நிறைவேறினால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தட்டுகிற கைத்தட்டல் அது. தட்டிவிட்டால் கதை முடிந்தது, பிறகு யாரும் அந்த விஷயத்தில் வாய் திறக்க மாட்டோம். கெட்டியான ரப்பருக்குள் கிடந்தவருக்கு அது மேளமாகக் கேட்டிருக்கிறது. இதை யார் அவரிடம் சொல்வது? ஆளுக்கொரு கோப்பையைப் பார்த்தோம்.

"இன்னும் கொஞ்சம் வேகமா?" என்றாள் மினேகிஷி. அவளுக்கு ஒரே உற்சாகம்.

வேகமாகக் குத்தினார். முரோயாவின் கைகள் தானாக எழுந்தன. எத்தனை வருடத்து விருந்துப் பழக்கம்! எல்லோரும் தட்டினோம், நானும்தான். கடைசித் தட்டு விழுந்ததும் குனிந்து வணங்கி, நாற்காலிகளைத் தள்ளிவிட்டுக் கலைந்தோம். லிஃப்ட் வாசலில்தான் முரோயாவுக்கு உறைத்தது.

"ஐயையோ, நாம என்ன முடிவு பண்ணோம்?"

"தட்டியாச்சே சார்" என்றேன். இனி யாராலும் மாற்ற முடியாது. நமரோன் தொகுப்பில் சேர்ந்துவிட்டது.

கோப்பைகளை எடுக்கத் திரும்பினால் ஹிஷினுமா இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"அது மேளம் இல்லையாம்மா?"

எனக்குப் பொய் வராது. "இல்லீங்க."

"அப்போ... படம் முடிஞ்சுதுன்னு தட்டிட்டாங்க. நான் இன்னும் உள்ளே இருக்கேன். ஜிப்பு வெளிப்பக்கம் இருந்தது."

"முன்பாதிக்காரர்?"

"அவருக்குத் தனி ஜிப்பு. அவரும்தான் தட்டியிருப்பார். கடைசில என்னைத் திறந்துவிட்டது பெருக்க வந்த அம்மா."

முகம் தெரியாத அந்தக் கூட்டத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நேராகப் போய் முரோயாவிடம் சொன்னேன். அந்தக் கைத்தட்டலையே பதிவுசெய்ய அவர் நாள் குறித்தார்.

ஒலிப்பதிவு நாளன்று கணக்குப் பிரிவு உட்பட எல்லோரும் மைக் முன்னால் நின்றோம். ஹிஷினுமாவை முன்வரிசைக்குக் கூப்பிட்டோம்.

"பின்னாடியே இருக்கேன். பழகிப்போச்சு."

பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. முரோயா கையைத் தூக்கினார். தட்டாமல் அப்படியே நிறுத்தி, பின்வரிசையைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"எல்லாரும் வெளியே வந்தாச்சா?"

"வந்தாச்சு" என்றார் ஹிஷினுமா.

அதற்குப் பிறகுதான் தட்டினோம்.