கடைசி ஃபாரத்திலிருந்து

இடது கை தாளை அழுத்திப் பிடித்திருக்க, வலது கையிலிருந்த தட்டையான மரத்துண்டு மடிப்பின் மேல் ஒரே இழுப்பாக ஓடியது. தாள் திரும்பியது. இன்னும் இரண்டு மடிப்பு, இரண்டு இழுப்பு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரமாகி இடப்பக்க அடுக்கில் போய் உட்கார்ந்தது.

"முப்பத்தெட்டு" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கண் தாளில் இல்லை. பசை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த, திரையில் விரிசல் விழுந்த கைபேசியில் இருந்தது. அதன் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது; தளம் திறக்க எத்தனை தாள் ஆகிறது என்பதுதான் கணக்கு. நாற்பத்தொன்றாவது தாளில் ஒரு படம் பாதிவரை இறங்கி நின்றது. எழுத்து ஒன்றுகூட வரவில்லை.

கைபேசி அவளுடையது அல்ல. அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவருடையது. அவருக்குப் பட்டப்பெயர் 'பிளேடு'. காகிதத்தை வெட்டுவதால் வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் பேச்சில் மாட்டியவர்கள் வேறு காரணம் வைத்திருந்தார்கள்.

"ஏம்மா, என் போன்ல அப்படி என்னதான் தேடுற? உன்கிட்டதான் புதுசு இருக்கே."

"புதுசுல எல்லாமே நல்லாத்தாண்ணே வருது. உங்களுதுல வருதான்னுதான் பார்க்கணும்."

"ஓ, அவ்வளவு மோசமா என் போன்?"

"எங்க அக்கா வச்சிருக்கறதும் இதே மாடல்தான்."

பிளேடு கைபேசி சரியாதபடி டப்பாவை நகர்த்தி வைத்தார்.

அவள் பைண்டிங் பிரிவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மடிப்பவர்கள் புத்தகத்தை வரிசையாகப் படிக்க முடியாது. தாளின் ஒரு முகத்தில் முதல் பக்கமும் பதினாறாம் பக்கமும் அருகருகே இருக்கும். எட்டாம் பக்கம் தலைகீழாக நிற்கும். கையோட்டத்தில் நாலு வரி கண்ணில் படும், அவ்வளவுதான். ஐந்தாம் பக்கத்தில் அழுதவள் பன்னிரண்டாம் பக்கத்தில் ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாது. முன்பெல்லாம், வேலை முடிந்து இருவரும் தங்கியிருந்த அறைக்கு வந்ததும் அந்த இடைவெளியை அவளே நிரப்பி அக்காவிடம் சொல்வாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "அப்புறம்?" என்பாள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் கதை கட்டிக்கொண்டு வந்தாள். இன்று எந்த இடத்தில் "அப்புறம்?" விழும் என்று நடந்துவரும்போதே கணக்குப் போட்டு வைத்திருப்பாள். பெரும்பாலும் அவள் நினைத்த இடத்தில் விழாது. முன்னாலேயே விழுந்துவிடும்.

அக்கா வெளிநாடு போய் ஒன்பது வருடம். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஏஜென்சி எந்த வீட்டுக்கு அனுப்புகிறதோ அந்த வீட்டில் தங்க வேண்டும். ஒரு முதியவர் தவறிப்போனால் அடுத்த வீடு. ஒரே ஒரு பெட்டி. மதியம் பத்து நிமிடம் ஓய்வு. துணி துவைக்கும் இயந்திரம் இருக்கிற மூலையில்தான் சிக்னல் வரும். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவார்கள். சாப்பிட்டியா, கால்வலி எப்படி இருக்கு, மழையா. பேச்சு அந்த மூன்று கேள்வியைச் சுற்றியே நடந்து வந்த இடத்துக்கே திரும்பிவிடும். எப்போது வருவாய் என்பதை மட்டும் நாலு வருடமாக இவள் கேட்பதும் இல்லை, அக்கா சொல்வதும் இல்லை.

அந்த ஒன்பது வருடத்தில் அவள் ஒரு கதை எழுதியிருந்தாள். ஒரே அறையில் இருந்த அக்கா தங்கையின் கதை. அறைக்கு ஒரே ஒரு சாவி. முதலில் வருகிறவள் திறந்து உட்கார்ந்திருப்பாள்; மற்றவள் தட்டுவாள். 'ஒரே சாவி' என்றே பெயர் வைத்தாள். பதினாலு அத்தியாயம். அக்கா கிளம்பிய காலையில் தங்கை தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது ஒன்பதாவதில் இருந்தது. நேரில் சொல்ல வராததை எழுதியிருந்தாள்.

ஒரு பிரதி எடுத்து, தன் கையால் தைத்து, கெட்டி அட்டை போட்டு அனுப்பினாள். ஏழு மாதம் கழித்து, ஒரு மூலை நசுங்கி, அதே பொட்டலம் திரும்பி வந்தது. அக்கா அதற்குள் இரண்டு வீடு மாறியிருந்தாள். கையெழுத்துப் பக்கங்களைப் படமெடுத்து ஒரே கோப்பாகப் போனுக்கு அனுப்பிப் பார்த்தாள். "எறும்பு மாதிரி இருக்குடி. இழுத்து இழுத்து ஒரு வரி படிக்கறதுக்குள்ள ரெஸ்ட் முடிஞ்சிடுது" என்றாள் அக்கா.

அன்றுதான் தோன்றியது. அக்காவுக்கு நிலையான விலாசம் கிடையாது. புத்தகத்துக்கு ஒன்று இருந்தால் அக்கா எந்த வீட்டில் இருந்தாலும் அங்கே வரலாம்.

அச்சகத்தில் அட்டைப்படம் போடும் டிசைனரிடம், கதையை இணையத்தில் வைக்க வழி கேட்டாள். அவன் சந்தோஷமாகக் கணினியைத் திருப்பினான்.

"பைண்டரம்மா, எழுத்தாளர்னா ஒரு கெத்து வேணாமா? இதைப் பாருங்க. இழுத்து இழுத்து வச்சா போதும், வெப்சைட் ரெடி. பக்கம் தானா புரளும். முதல் வருஷம் பாதி விலைதான்."

"ரெண்டாவது வருஷம்?"

"அது... அப்ப பார்த்துக்கலாமே."

"இப்பவே பாரு."

பார்த்தான். மூன்று மடங்கு.

"நாங்க ஒரு புஸ்தகத்தைத் தைச்சுக் குடுத்தா, அடுத்த வருஷம் வந்து பணம் குடு, இல்லன்னா நூலை உருவிடுவேன்னு நிக்க மாட்டோம்ப்பா."

அதுதான் அன்று பிளேடின் கைபேசியில் நாற்பத்தொரு தாள் மடித்தும் திறக்காத தளம். அக்காவின் பத்து நிமிடத்தில் நாலு நிமிடத்தை வட்டம் தின்றுவிடும். தள்ளிவைத்தாள்.

அடுத்தது இலவசம். இருபது தாளில் திறந்தது. ஆனால் சோதனைக்காக ஏற்றிய ஒன்பதாம் அத்தியாயத்தில், தங்கை கண்ணை மூடிக் கிடக்கிற இடத்துக்கும் வாசல் கதவு சாத்தப்படுகிற இடத்துக்கும் நடுவில், 'முழங்கால் வலியா?' என்று ஒரு பெட்டி மின்னியது.

பிளேடு எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதுதானே, உங்க அக்காவுக்குக் கால்வலின்னு சொன்னியே" என்றார்.

"ஃபாரத்துக்கு நடுவுல பிட் நோட்டீஸ் வச்சுத் தைப்பீங்களாண்ணே?"

"யாரு எழுதின புஸ்தகங்கறதைப் பொறுத்து."

மூன்றாவது வெறும் வெள்ளைத் தளம். கறுப்பு எழுத்து, படம் கிடையாது, எதுவும் புரளாது. வைத்துக்கொள்ளக் கட்டணம் இல்லை. சொந்தப் பெயர் வேண்டும் என்றால் அதற்கு மட்டும் வருடத்துக்கு ஒரு தொகை. அவளுடைய இரண்டு நாள் கூலி. அடுத்த வருடமும் அதேதானா என்று டிசைனரைத் தேடிப் பார்க்கச் சொன்னாள். அதேதான். நாளைக்கு இவர்கள் கடையை மூடினால் எழுதியதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டாள். போகலாம் என்று அவன் சொன்னது போதவில்லை. ஒரு பக்கம் எழுதி, வெளியே எடுத்து, வேறோர் இடத்தில் திறந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டாள்.

பிளேடின் கைபேசியில் ஒன்பது தாளில் திறந்தது. எழுத்தும் பெரிது. இழுக்க வேண்டாம்.

"ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றான் டிசைனர் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"ஆஸ்பத்திரி நோட்டீஸை யாரும் படிக்காம விடறதில்ல."

ஐந்து வாரம், மதியச் சாப்பாட்டு இடைவேளைகளில், டிசைனரின் பழைய கணினியில் தட்டச்சு செய்தாள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஏற்றியதும் பிளேடின் கைபேசியில் திறந்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து, ஒற்று விட்ட இடத்தைத் திருத்தினாள். தலைப்பு மட்டும் போட்டாள், எண் போடவில்லை. புத்தகத்தில் வரிசையைப் பிடித்து வைத்திருப்பது நூல்தானே, அதனால் எண் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினாலாவது ஏறியதும் விலாசத்தை அக்காவுக்கு அனுப்பினாள்.

தளத்தின் ஓரத்தில், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் இடம் ஒன்று இருந்தது. முதல் நாள் 'ஒன்று' என்றது. அக்காதான் என்று நினைத்தாள். பிறகு பார்த்தால் அது பிளேடின் கைபேசி. மூன்றாம் நாள் 'இரண்டு'. மடித்த தாளை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள்.

மூன்று வாரம் அக்கா எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டியா, கால்வலி, மழை. கேட்க நா வரைக்கும் வரும், விழுங்கிவிடுவாள். நாலாவது ஞாயிறு தாங்கவில்லை.

"அக்கா, அது... திறந்து பார்த்தியா?"

"படிச்சிட்டேன்டி. தினம் கொஞ்சம் கொஞ்சமா. நேத்துதான் முடிஞ்சது."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் எழுதியிருக்க."

ஏதோ ஒன்றைச் சொல்லாமல் பிடித்து வைத்துக்கொண்டு பேசும் குரல். அவளுக்குத் தெரியாத குரலா.

"என்னன்னு சொல்லுக்கா."

"ஒண்ணுமில்ல. நீ கதை சொன்னா அப்புறம், அப்புறம்னு கேட்பேன்ல. இதுல அதுக்கு முன்னாடி என்ன, அதுக்கு முன்னாடி என்னன்னு தேடிட்டே போக வேண்டியிருக்கு. இப்பல்லாம் இப்படித்தான் எழுதறாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல எதைப் படிச்ச?"

"கதையில நான் திரும்பி வர்றது. பெட்டியோட வந்து படியில உட்கார்ந்திருக்கேன், வீடு பூட்டியிருக்கு. நீ வேலை முடிஞ்சு வந்து, ஒரு வார்த்தை பேசாம சாவியை எங்கிட்ட நீட்டற. துணி மெஷின்கிட்ட நின்னு அழுதேன்டி. அந்த வீட்டம்மா சோப்புத்தூள் கண்ணுல பட்டுச்சான்னு கேட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "முதல்லயே வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள்லேர்ந்து படிக்கப் படிக்க நான் கிளம்பிப் போயிட்டே இருக்கேன்."

தங்கை கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

"அன்னைக்குக் காலையில நீ தூங்கலன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "நீ தூங்கினா வாயைத் திறந்துட்டுத் தூங்குவ."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று இருவரிடமிருந்தும் வந்தது.

"அக்கா, அது நான் எழுதின வரிசை இல்ல. தப்பா அடுக்கிட்டேன். கடைசி அத்தியாயம் மேல போயிடுச்சு."

"இருபத்திரண்டு வருஷம் பைண்டிங்" என்றாள் அக்கா. பிறகு, மெதுவாக, "மாத்தி அடுக்குடி. நான் வர்றதைக் கடைசியிலயே வை. காத்திருந்து படிக்கிறேன்."

மறுநாள் காலை கணினியில் தளத்தின் முன்பக்கத்தைத் திறந்தாள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவள், அடுக்கை ஒரு முறைகூடப் பார்த்திருக்கவில்லை. அந்தத் தளத்தில் கடைசியாக வருவதுதான் மேலே உட்காரும். முதல் அத்தியாயத்தை முதலில் ஏற்றியிருந்தாள். அது மற்றப் பதின்மூன்றுக்கும் அடியில் கிடந்தது.

"இதைத்தான் புதுசா வர்றவங்க முதல் நாள் செய்வாங்க" என்றார் பிளேடு.

அவர் சொன்னது சரி. ஃபாரங்களை நீள மேஜையில் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் முதல் ஃபாரத்திலிருந்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டே நடப்பார்கள். மேஜை முடியும்போது புத்தகம் தலைகீழாக இருக்கும். பழகியவர்கள் கடைசி ஃபாரத்திலிருந்து தொடங்கிப் பின்னாலிருந்து முன்னால் நடப்பார்கள். மேஜை முடியும் இடத்தில் முதல் பக்கம் தானாக மேலே வந்திருக்கும். கை கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கணினி முன்னால் உட்கார்ந்ததும் அது மறந்துபோயிற்று.

"தேதியை மாத்தினா போதும் பைண்டரம்மா, ரெண்டு நிமிஷம்" என்றான் டிசைனர்.

அவள் கேட்கவில்லை. மதிய இடைவேளையில் பதினாலையும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றத் தொடங்கினாள். அக்கா படியில் உட்கார்ந்திருக்கும் அத்தியாயத்தை முதலில் வைத்தாள். அதன்மேல் பதின்மூன்று. அதன்மேல் பன்னிரண்டு. ஒன்பதுக்கு வந்தபோது கை நின்றது. தங்கை வாயைத் திறந்துதான் தூங்குவாள் என்று ஒரு வரி சேர்த்தாள். பிறகு எட்டு. ஏழு. ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு அடுக்கை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். முதல் அத்தியாயம் மேலே வந்து உட்கார்ந்தபோது மதிய இடைவேளை எப்போதோ முடிந்திருந்தது. பிளேடு அவள் பங்குத் தாளையும் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தார், கோணலாக. பிறகு பிரித்து மடித்துக்கொள்ளலாம்.

மூன்றரை மணிக்கு, அக்காவின் ஓய்வு நேரத்தில், அச்சகத்தின் பின்கதவுப் படியில் உட்கார்ந்து விலாசத்தை மறுபடி அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது. பின்னால் துணி இயந்திரம் சுற்றும் சத்தம்.

"திறக்குதா?"

"திறந்தாச்சு."

"மேல என்ன இருக்கு?"

"'கதவைத் தட்டுகிறவள்'."

"ஆங். அதான் முதல்."

"பெரியவர் தூங்கறாரு. இன்னும் எட்டு நிமிஷம் இருக்குடி. பேசவா, படிக்கவா?"

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் அக்கா மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"படி" என்று சொல்லிவிட்டு, அழைப்பைத் துண்டித்தாள்.