மேவிஸின் அக்காவுக்கு நாங்கள் போட்ட பிரேம்

1. நடைபாதையில் நின்றவர்

பனி உறையும் பெப்ரவரி மாதத்தில் ஸ்காபரோவில் ஒருவர் கடைக் கதவு திறந்திருக்க உள்ளே வராமல் வெளியே நிற்கிறார் என்றால், ஏதோ பெரிய பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று காலை மேவிஸ் அப்படித்தான் நின்றார். அங்கே வோபர்ன் பகுதியில் நான் வேலை செய்த பிரேம் கடைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். வழியெல்லாம் அவர் கோட்டுக் கழுத்தை இழுத்து முகத்தை மூடியபடி இருந்தார். குளிராக்கும் என்று நினைத்தேன். கடைக் கண்ணாடியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு றோட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு புதுப் பிரேம் இருந்தது. பதினாறுக்கு இருபது அங்குலம், தங்க நிற மோல்டிங் சட்டம், பிளாஸ்டிக் மல்லிகை மாலை, கீழே பற்றரி விளக்கு. எங்கள் கடையில் இதற்கு ‘முப்பத்தொண்டுச் செற்’ என்று பெயர். செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வீட்டுக்காரர் ஓடர் கொடுப்பது. கடை ஓடியதே அதில்தான். சைவக்காரர் என்றால் திருநீறு, எங்களைப் போல வேதக்காரர் என்றால் சிலுவை. மற்றதெல்லாம் ஒன்று.

அந்தப் பிரேமுக்குள் இருந்தவர் மேவிஸின் அக்கா.

மேவிஸ் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒஸ்ரேலியாவின் நடுப் பாலைவனத்திலிருந்து வந்த பூர்வகுடி ஓவியர். புள்ளி புள்ளியாக வைத்துப் படம் போடுகிறவர். நகரத்து ஆர்ட் கலரி ஒன்று அவரைக் கண்காட்சிக்கு அழைத்திருந்தது. கான்வஸ்கள் சுருட்டித்தான் வந்தன. அவற்றை ஸ்ட்ரெச்சர் பார் என்ற மரச்சட்டத்தில் இழுத்து அடிக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. எல்லாவற்றிலும் பெரிய கான்வஸில் ஒரு மூலை புள்ளி வைக்காமல் மிச்சம் இருந்தது. மேவிஸ் நிலத்தில் குந்தி இருந்துதான் வேலை செய்வார். எங்கள் பின்னறையில் இடம் இருந்ததால் தினமும் அங்கே வந்தார்.

குச்சியின் நுனியைப் பெயின்ரில் தோய்த்து, குனிந்து ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொன்று. கையில் அவசரம் என்பதே கிடையாது. என் ஸ்டேப்பிள் கன் சத்தத்துக்குப் புள்ளி நடுங்குகிறது என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு அவர் தேத்தண்ணி குடிக்கும் நேரம் பார்த்துத்தான் நான் ஸ்டேப்பிள் அடித்தேன்.

அந்தப் பெரிய படம் அக்காவும் தங்கையுமாகப் போட்டது. அவர்களுடைய நிலத்தில் உள்ள ஒரு ஊற்றின் கதை. அக்காவுக்குச் சுகமில்லாததால் அவர் வரவில்லை.

2. நல்ல மனதோடு செய்த வேலை

நான் உள்ளே ஓடினேன். முதலாளி ராசன் அண்ணை மாலையை நேராக்கிக்கொண்டு நின்றார்.

“அண்ணை, உதென்ன வேலை?”

“நேற்றுப் பின்னேரம் கலரியிலயிருந்து போன் வந்தது பிள்ளை. மனிசியின்ர தமக்கை மோசம் போயிட்டாவாம். கண்காட்சிப் போஸ்டரில இருந்த படத்தை எடுத்துப் பெருப்பிச்சனான். எங்கட அன்பளிப்பா இருக்கட்டும்.”

“அவ உள்ளுக்கு வாறா இல்லை.”

“ஏன், மோல்டிங் பிடிக்கேல்லையோ?”

ராசன் அண்ணை நல்ல மனிதர். நல்லது செய்ய வெளிக்கிட்டால் ஒருவரையும் கேட்கமாட்டார், அதுதான் கரைச்சல். எனக்கும் முதலில் விளங்கவில்லை என்பது உண்மை. நான் கடையில் இருந்திருந்தால் மாலைக்கு ஊசி குத்திக் கொடுத்திருப்பேன்.

வெளியே போய்ச் செய்தி இப்போதுதான் தெரிந்தது என்று மேவிஸின் கையைப் பிடித்தேன். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

“எங்கட பக்கத்தில செத்தவையின்ர பேரைச் சொல்லமாட்டம். படத்தைப் பாக்கமாட்டம். கன காலத்துக்கு. நீங்கள் அவவை நடுச் சந்தியில வைச்சிருக்கிறியள். எனக்கு நெஞ்சு தாங்கேல்லை.”

நாங்கள் செத்தவருக்குப் படம் வைக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிற ஆட்கள். பேப்பரில், ரேடியோவில், மண்டபத்து வாசலில், எங்கும் பேரும் முகமும். அவர்களுக்கு அதுவே சித்திரவதை. எனக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிரேமைக் கழற்றிப் பிரவுண் பேப்பரில் சுற்றி மேல்தட்டில் ஏற்றினேன். ராசன் அண்ணை பற்றரி விளக்கை அணைத்தார்.

மேவிஸ் உள்ளே வந்தார். ஆனால் பின்னறை வாசலில் மறுபடி நின்றார்.

“இதிலயும் அவவின்ர கை இருக்கு.”

ஒரு படுக்கைச் சீலையை எடுத்துக் கான்வஸ் முழுவதையும் மூடினோம்.

3. தங்கச்சி

மத்தியானம் கலரியிலிருந்து கண்காட்சிப் பொறுப்பாளர் வந்தாள். கெட்டிக்காரப் பெண். கோட்டில் பெயர் அட்டை. அவளுடைய பெயரும் மேவிஸின் அக்காவின் பெயரும் ஒன்று. அவள் ஃபோனில் யாருக்கோ தன் பெயரைச் சொன்னதும் மேவிஸ் காதைப் பொத்தினார். நான் அவளைத் தனியாக அழைத்து விசயத்தைச் சொன்னேன். பாவம், திகைத்துப் போனாள்.

“அப்ப என்னை என்னெண்டு கூப்பிடுறது?”

ராசன் அண்ணை சிரித்தார். “எங்கட ஆக்களுக்கு உதொரு விசயமே? இத்தனை வருசமா இவ இஞ்சை வேலை செய்யிறா. இவவின்ர பேரை நான் சொன்னதே இல்லை. பிள்ளை எண்டுதான் கூப்பிடுறனான். நீ தங்கச்சி.”

அர்த்தத்தைக் கேட்டுவிட்டு அவள் பெயர் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டாள். அடுத்த நாள் கலரி வாசற்காவலாளி கூட ‘தங்காச்சி’ என்று நீட்டி அழைத்ததாகக் கேள்வி.

பெயர்ப் பிரச்சினை அவ்வளவில் முடிந்தது. படப் பிரச்சினை முடியவில்லை. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அழைப்பிதழ் முழுக்க அந்தப் பெரிய படம். எப்படியாவது இழுத்து அடித்துத் தரச் சொல்லிக் கலரி மேலிடம் நெருக்கியது. மேவிஸ் அசையவில்லை.

“ஊற்றின்ர கதைக்கு மூத்தவ அவ. இனி அவவின்ர மகள்தான் சொல்லவேணும். அவவின்ர குடும்பம் வேண்டாம் எண்டால் சுருட்டிக்கொண்டு போவன். ஒருத்தரும் பாக்கமாட்டினம்.”

“உங்களுக்கு ஆசையில்லையோ?” என்று கேட்டேன்.

“அவவோட சேந்து செய்த கடைசி வேலை. ஆசை இல்லாமல் இருக்குமே? ஆனா என்ர ஆசை மட்டும் காணாது.”

ராசன் அண்ணைக்கு இருப்புக் கொள்ளவில்லை. கலரி வேலை கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம்.

“பிள்ளை, சும்மா இழுத்து வைப்பமே? ஓம் எண்டு பதில் வந்தால் உடனே சுவரில கொழுவலாம்.”

“சீலையில கை வைச்சால் ஸ்டேப்பிள் கன் உங்கட கையில, நான் வீட்டை போறன்.”

அவர் முறைத்தார். ஆனால் கை வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலிடத்தோடு தங்கச்சி சண்டை பிடித்து, அந்தச் சுவரை வெறுமையாகவே விட்டாள். போஸ்டரிலிருந்து அக்காவின் பெயரையும் முகத்தையும் எடுத்தாள். மேவிஸ் விழாவுக்குப் போகவில்லை. மற்ற நாட்களைப் போலவே எங்கள் பின்னறைக்கு வந்து, மூடிய கான்வஸுக்குப் பக்கத்தில் இருந்தார். குச்சிகளைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார்.

4. மிச்ச மூலை

அங்கே சாவு வீடு முடிந்து, குடும்பம் கூடிப் பேசி, அக்காவின் மகள் ஃபோன் எடுத்தபோது பனி கரையத் தொடங்கியிருந்தது. கண்காட்சி இன்னும் நடந்துகொண்டிருந்தது. மேவிஸ் கன நேரம் அவர்கள் பாஷையில் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, “சீலையை எடு” என்றார்.

படத்தைக் காட்டலாம் என்பது குடும்பத்தின் முடிவு. பேர் போடக்கூடாது, முகம் போடக்கூடாது, விற்கக்கூடாது. மிச்ச மூலையை மேவிஸ் முடிக்கலாம், ஆனால் மகள் ஃபோனில் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஃபோனைப் பெயின்ர் டின்னில் சாய்த்து வைத்தேன். மேவிஸ் புள்ளி வைக்க, உலகத்தின் மற்றப் பக்கத்திலிருந்து மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் இருவரும் அழுதார்கள். இன்னோரிடத்தில் சத்தமாகச் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

பெயின்ர் நன்றாகக் காய்ந்த பிறகு அந்தக் கான்வஸை நான் இழுத்து அடித்தேன். நடுவில் ஒரு ஸ்டேப்பிள், எதிரே ஒன்று, பிறகு மூலைகளை நோக்கி. ஆயிரம் தடவை செய்த வேலைதான். அன்று ஒவ்வொரு ஸ்டேப்பிளுக்கும் முன் மேவிஸைத் திரும்பிப் பார்த்தேன். மேவிஸ் பக்கத்தில் நின்று, “சத்தம் பரவாயில்லை, அடி” என்றார்.

சுவரில் ஒட்டும் விபர அட்டையில் என்ன எழுதுவது என்று தங்கச்சி கேட்டாள். மேவிஸின் பெயர் மட்டும் போட்டால் பொய். இரண்டு பெயர் போட ஏலாது. மேவிஸ் யோசித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“தங்கச்சி எண்டால் இளையவ. மூத்தவவை உங்கட ஆக்கள் என்னெண்டு கூப்பிடுறது?”

“அக்கா.”

“எங்கட பாஷையிலயும் சொல் இருக்கு. அது எங்கட வீட்டுக்கு. இஞ்சை உங்கட சொல்லைப் போடுங்கோ.” மகளிடமும் கேட்டார். மகளும் சம்மதித்தாள்.

அப்படித்தான் நகரத்து ஆர்ட் கலரிச் சுவரில் ‘மேவிஸ், அக்கா’ என்று ஒரு அட்டை ஏறியது. படத்தைக் கொழுவிய அன்று மேவிஸ் அதன் முன்னால் நின்று, அந்தச் சொல்லை மெதுவாக, பிறகு கொஞ்சம் பலமாகச் சொல்லிப் பார்த்தார். ராசன் அண்ணை கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

நான் இப்போது ஓய்வுபெற்று, ஸ்காபரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் என் மகளோடு இருக்கிறேன். பிரேம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். படத்தைச் சுற்றி வைக்கும் மாட் போர்ட் வெட்டவும் மோல்டிங் பொருத்தவும் கெதியாகப் பழகிவிடுவீர்கள். துக்கக்காரருக்கு நல்லது செய்ய முதல் அவர்களைக் கேளுங்கள். கேட்டால் பதில் வரும்வரை பொறுங்கள். அந்த வெறும் சுவரைப் பார்த்து விழாவுக்கு வந்தவர்கள் முகம் சுளித்தார்களாம். எத்தனையோ சுவருக்குப் பிரேம் செய்து கொடுத்தவள் நான். எனக்குப் பெருமை அந்த வெறும் சுவரில்தான்.