லென்ஸை மூடிய கை

பயந்தாங்கொள்ளிகளுக்கு ஒரு சங்கம் வைத்தால் ஆயுட்காலத் தலைவர் பதவி எனக்குத்தான். லிஃப்ட் இரண்டு விநாடி நின்றால் மனசுக்குள் உயில் எழுதிவிடுகிற ஆள் நான். அந்தப் பதவிக்கான தகுதியை எட்டு வயதிலேயே, ஆவடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிரூபித்துவிட்டேன்.

அப்பா டேங்க் தொழிற்சாலையில் வெல்டர். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். மாதம் ஒரு ஞாயிறு, அங்கிருந்த மன்றத்தின் ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டிப் படம் போடுவார்கள். வீட்டுக்கு ஓர் அட்டை. அட்டை இல்லாதவர் உள்ளே வரக் கூடாது. திரையில் எந்த நாட்டு டேங்க் வந்தாலும் பிள்ளைகள் நாங்கள் கைதட்டுவோம். எல்லாம் எங்கள் அப்பாக்கள் பற்றவைத்தது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இங்கிலீஷ் படத்தில் முத்தக் காட்சி வந்தால் ஆபரேட்டர் உள்ளங்கையால் லென்ஸை மூடிவிடுவார். திரை இருட்டாகி, சத்தம் மட்டும் கேட்கும். எப்போது மூட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குவார்ட்டர்ஸின் ஒழுக்கம் அந்த ஒரு கையில்தான் இருந்தது.

அந்த ஞாயிறு அப்பாவுக்கு ஓவர்டைம். அட்டையை என்னிடம் கொடுத்து, பெரியப்பாவை அழைத்துப் போகச் சொன்னாள் அம்மா. அப்பாவின் அண்ணன் அவர். பட்டாளத்தில் இருந்து, பாலைவனப் பக்கம் ஒரு சண்டையையும் பார்த்துவிட்டு வந்து, நெமிலிச்சேரியில் இருந்தார். ஞாயிறானால் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சண்டை எப்படி இருந்தது என்று கேட்டால், மணல் ஜாஸ்தி, எதிர்ல இருக்கிறவன் மூஞ்சிகூடத் தெரியாது என்பார். அதோடு சரி.

அன்றைய படமும் ஏதோ பழைய பாலைவனப் போர்தான். ஆனால் எங்களுக்குப் பழக்கமில்லாத மாதிரி எடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் இந்தப் படை, கொஞ்ச நேரம் அந்தப் படை. இங்கேயும் சவரம் செய்துகொண்டார்கள், அங்கேயும் செய்துகொண்டார்கள். யாருக்குக் கைதட்டுவது? எங்கள் வரிசை கூடிப் பேசி, எவன் டேங்க் முதலில் வந்ததோ அவன் நம்ம ஆள் என்று தீர்ப்பு எழுதியது.

அப்புறம் எதிரி முகாம் வந்தது. ஒருவன் டேங்க் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு கடிதம் பிரித்தான். ஒரு சின்னப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து அதை எழுதுவதைக் காட்டினார்கள். மன்றம் முழுக்க ஊளை. அதையும் மூடச் சொல்லி யாரோ குரல் கொடுக்க, ஆபரேட்டர் மூடினார். ஒரே சிரிப்பு. அதன்பின் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கையும் வந்தது.

மூன்றாவது தடவை பெரியப்பா எழுந்து நின்றார்.

"கைய எடுப்பா. அந்தாள் மூஞ்ச ஒரு தபா பாத்துக்கிறேன்."

மொத்த மன்றமும் திரும்பிப் பார்த்தது. மன்றச் செயலாளர் டார்ச்சோடு வந்து, எந்த வீட்டு ஆள், அட்டை எங்கே என்று கேட்டார். அட்டை என் டவுசர் பையில் இருந்தது. வெளிச்சம் என் மேல் விழுந்தது.

"இன்னா தம்பி, உன்கூட வந்தவரா?"

அந்த ஒரு நொடியில், என் மனசுக்குள், அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டுச் சாமான் லாரியில் ஏறியது. எதிரிக்குப் பரிந்து பேசிய குடும்பம் என்று எங்களைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போனார்கள். என் பம்பரம் எதிர்வீட்டுப் பையனுக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் பம்பரம்தான் அதிகம் வலித்தது.

"தெரியாது" என்றேன்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு செயலாளரிடம், "பையன வுடுப்பா. நானாத்தான் பூந்துட்டேன்" என்றார். வெளியே போகும்போது என் காலை மிதித்துவிடாமல் பார்த்துத் தாண்டினார்.

நான் கடைசிவரை உட்கார்ந்து படம் பார்த்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டினேன்.

பெரியப்பா அப்படியே ஊருக்குப் போய்விட்டார் என்று அம்மாவிடம் புளுகினேன். வாரம் முழுக்க, சைக்கிள் மணி கேட்டாலே கக்கூஸுக்கு ஓடினேன். அடுத்த ஞாயிறு வழக்கம்போல் பகோடா பொட்டலத்தோடு வந்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அம்மா டீ போட உள்ளே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"காயிதம் படிச்சான்ல நைனா, அந்தாளு. கடைசில இன்னா ஆனான்?"

எனக்கு எப்படித் தெரியும்? கைதான் மூடியிருந்ததே. ஆனால் அவரைக் குளிரவைக்க வேண்டியிருந்தது. "செத்துட்டான் பெரிப்பா. நம்ம டேங்க்தான் சுட்டுச்சு."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "பேரு எதுனா சொன்னாங்களா?"

"எதிரிக்கு எதுக்குப் பேரு?"

அவர் தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். மன்னித்துவிட்டார் என்று நினைத்து முழுவதையும் தின்றேன்.

பெரியப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போன வருடம், பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தபோது, அந்தப் படம் போனில் அகப்பட்டது. யாருடைய கையும் இல்லாமல் முழுதாகப் பார்த்தேன். அவன் சாகவில்லை. கால் தேய நடந்து வீட்டுக்குப் போகிறான். அந்தப் பெண் கதவைத் திறக்கிறாள். பெயர்கூட இருக்கிறது, பலமுறை கூப்பிடுகிறார்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நான்கு ஸ்டாப் போய்விட்டேன். கண்டக்டர் திட்டினார். தாராளமாகத் திட்டட்டும் என்று நின்றேன்.

அந்தப் பகோடா ஞாயிறு கிளம்பும்போது, சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, பெரியப்பா இன்னொரு முறையும் கேட்டார், பேர் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று. இல்லை என்றேன். அவர் படத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.