உப்பு வேர்த்த சுவர்

மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் அப்போதெல்லாம் மண் சுவரும் புல் கூரையும்தான். கல்லில் சுவர் எழுப்பியவன் நான் ஒருவன்தான்; அந்தத் திமிரும் எனக்கு நிறையவே இருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி, மலைக்கு ரோடு கிடையாது. சேந்தமங்கலத்திலிருந்து உப்பு மூட்டைகளைத் தலைச்சுமையாக ஏற்றி வந்து, நானும் தம்பியும் அந்தக் கல் கொட்டகையில் அடுக்கி வைத்து விற்றோம்.

கல்லை உடைத்து எடுக்கக்கூட இல்லை. சரிவில் கடப்பாரை போட்டதும் பெயர்ந்து வந்த, வெயிலிலும் மழையிலும் இற்றுப்போன மேல்பாறை. வேலை சீக்கிரம் முடிந்ததென்று சந்தோஷப்பட்ட மடையன் நான்.

ஐந்தாறு மழைக்காலம் போனது. மூட்டைகள் சுவரை ஒட்டியே கிடந்தன. ஈரத்தில் உப்பு இளகிக் கல்லுக்குள் இறங்கியது. வெயில் அடித்தால் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, கல் செதில் செதிலாக உதிர்ந்தது. பக்கத்து வீட்டு விதவையின் மாடு தினமும் வந்து அங்கே நக்கிக்கொண்டு நிற்கும்.

"செவுரு வேர்க்குதுங்ணா. மூட்டையை நடுவால தள்ளி அடுக்கலாங்ணா" என்றான் தம்பி.

"கல்லுடா அது. கல்லு கரையுமா? போய் வேலையைப் பாரு."

அதோடு விட்டேனா? ஊர் சிரிக்கக் கூடாதென்று, உதிர்ந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்புச் சாந்தை அப்பி மறைத்தேன். உள்ளே கல் இற்றுக்கொண்டேதான் இருந்தது.

ஐப்பசியில் எட்டு நாள் அடைமழை. மழை விட்ட காலையில் மாடு வந்துவிட்டது. அது நக்க நக்கச் சாந்து பெயர்வதைப் பார்த்து எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அந்தச் சனியனை வெரட்டுடா" என்று தம்பியை அனுப்பினேன்.

அவன் போய்க் கயிற்றைப் பிடித்தான். சுவர் அப்படியே வெளிப்பக்கமாகச் சரிந்தது. மாடு துள்ளித் தப்பித்துவிட்டது.

நான்தான் கற்களைத் தூக்கினேன். பிடித்த ஓரமெல்லாம் மாவாக உதிர்ந்தது. ஆனாலும் அவனைக் கொல்லப் போதுமான கனம் அதில் இருந்தது.

ஓடிவந்த அம்மா, "எப்படிடா சாமி விழுந்துச்சு?" என்று அலறினாள். எனக்குப் பயம். மாடு முட்டிவிட்டது என்றேன்.

ஊர் கூடி அந்த மாட்டை மலையை விட்டே இறக்கச் சொன்னது. "முட்டற மாடில்லீங்க" என்று அந்தப் பெண் என் காலில் விழுந்து அழுதாள். அவளுக்கு இருந்ததே அந்த ஒரு மாடுதான். நான் காலை உருவிக்கொண்டு உள்ளே போனேன்.

அம்மா சாகும்வரை அந்த மாட்டைச் சபித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே சபித்தேன்.