ரேடியேட்டரில் ஊற்றிய மரவள்ளி மாவு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக எனக்குள்ளே இழுபறி. ஒவ்வொரு அக்டோபர் மாதமும் செபமாலை சொல்லி முடித்து எழுந்திருக்கும்போது, இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். மாதம் போய்விடும், பேனா வைத்த இடத்திலேயே கிடக்கும். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது சர்வேசுரனுடைய கட்டளை. என் தாய்மாமன் தன் வாயால் சொல்லாத ஒன்றை நான் சொல்லப்போய் அது பொய்ச்சாட்சி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். ஊரெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேனே, அது மட்டும் என்ன சாட்சி என்று இன்னொரு பயம். எனக்குப் படிப்பு அதிகம் கிடையாது. கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஜப்பான்காரர் காலம். நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ரயில் பட்டறையில் வேலை. அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். அவரைத்தான் மாமா என்று எழுதுகிறேன். சண்டைக்கு முன்னால் அவர் ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு மோட்டார் ஓட்டினார். துரை ஓடிப்போனார், மோட்டார் நின்றுபோனது. அதை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டபோது, ஜாக்கியும் ஸ்பானரும் எடுத்த மாதிரி மாமாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள்.

அவர் ஓட்டியது ஆள் எடுக்கிற அதிகாரிக்கு. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டியிருந்தது. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களுக்குள் போகும் செம்மண் பாதை எல்லாம் மாமாவுக்குத்தான் தெரியும். அதனால் முன்னால் மோட்டார் போகும், பின்னால் சிப்பாய்களோடு ஒரு லோரி போகும். போகும்போது காலியாக இருக்கிற லோரி திரும்பும்போது காலியாக இருக்காது. அப்படி ஏறிப்போனவர்கள் வீட்டில் பெண்கள் அழுதார்கள். போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது, அழுகைக்குக் காரணம் தெரியாது. சயாமில் அரிசிச் சோறு போடுகிறார்கள் என்று யாரோ சொன்னது மட்டும் காதில் விழுந்திருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்ற எனக்கு, லோரி ஏறினவர்கள் மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

மாமாவுக்கு ஒரே ஒரு பைத்தியம், ரேடியேட்டர். மோட்டாரின் மூக்கில் பித்தளைத் தேன்கூடு மாதிரி இருக்கும். இஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் அதற்குள்தான் ஓடும். அந்தத் தண்ணீர் மழைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பார். பைப்புத் தண்ணீர் ஊற்றினால் கெட்டிலின் அடியில் படிகிற மாதிரி வெள்ளையாகப் படியும். ஆற்றுத் தண்ணீரில் சேறு. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் பித்தளையையே தின்றுவிடும். மழையிலும் முதல் மழையைச் சேர்க்க மாட்டார், அது கூரைத் தகரத்தைக் கழுவின அழுக்காம். இரண்டாவது மழையைப் பீப்பாயில் பிடித்து, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு தகர டின்னில் அடைத்து வண்டியின் பின்பெட்டியில் வைத்திருப்பார். மாதம் பிறந்தால் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்த மாதிரி உள்ளே அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்.

"கட்டிக்கப் போறவள இப்படிப் பாத்துக்குவியாடா?" என்று அம்மா கேட்பாள்.

"அவ கொதிச்சா மழைத் தண்ணியில அடங்க மாட்டாளேக்கா" என்பார் மாமா.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. சின்னப் பிள்ளை கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது போல என்று எழுந்துவிட்டேன். ஒழுகினால் டிரைவர்மார் ஒரு கைவைத்தியம் செய்வார்கள். சூடான தண்ணீரில் ஒரு முட்டையை உடைத்து விட்டால், வெள்ளைக்கரு வெந்து ஓட்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கோழி. அது அன்றைக்கென்று முட்டை இட்டிருந்தது. அம்மா அதை முந்தானையில் பொதிந்து கொண்டுவந்து நீட்டினாள்.

"இந்தா. வழியில வண்டி நின்னுச்சுன்னா உன்னையும்ல அந்த லோரியில ஏத்திடுவான்."

"பாப்பாவுக்கு அவிச்சுக் கொடுங்கக்கா. புள்ள எலும்பும் தோலுமா இருக்கு" என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு, மாமா அடுப்படிக்குள் போய் மரவள்ளி மாவு டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டேய், அது ராத்திரிக்கு ரொட்டி சுட வெச்சிருக்கேன்."

"முட்டையும் வெள்ளை, இதுவும் வெள்ளைதானேக்கா."

இந்த ஒரு வார்த்தை அவர் சாகிற வரைக்கும் அவரை விடவில்லை. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மறுநாள் ஞாயிறு. முதல் பூசை கண்டுவிட்டு வந்ததும், மாவை மழைத் தண்ணீரில் கரைத்து ரேடியேட்டருக்குள் ஊற்றினார். பால் மாதிரி வழவழவென்று இறங்கியது. பீப்பாய் ஓரத்தில் தண்ணீர் டின் நிரம்பி நின்றது.

"மாமா, டின்னை மறந்துட்டீங்க."

"இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் சந்து முனையில் லோரி வந்து நின்றது. அதிகாரி சந்துக்குள் நடந்து வந்தார். என்னை அவருக்குத் தெரியும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நான் ஜப்பான் பாட்டுப் பாடி, அவர் கையால் ஒரு மிட்டாய் வாங்கியிருந்தேன். பூசைக்குப் போட்ட வெள்ளைக் கவுனோடு நின்ற என்னைப் பார்த்ததும் சிரித்து, வண்டியைக் காட்டி ஏறச் சொன்னார். மாமா முகம் சுண்டிப்போனது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மலாயில் சொன்னார்.

"எனக்குக் காய்ச்சல் இல்லே" என்று நான் கத்தினேன். அதிகாரிக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், நான் குதித்த குதி புரிந்திருக்க வேண்டும். அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. நான் அவளுக்கு ராணி மாதிரி கையாட்டினேன்.

சேசுவே, அந்தச் சவாரியை எப்படிச் சொல்வேன். தோல் ஆசனம் தொடையில் சுட்டது. காற்று என் ரிப்பனை அவிழ்த்துக் கொண்டுபோய்விட்டது, நான் கவலைப்படவில்லை. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்து திரும்பிப் போயின. ரோட்டில் போகிறவர்களெல்லாம் நின்று குனிந்து வணங்கினார்கள். எனக்குத்தான் வணங்குகிறார்கள் என்று நானும் பதிலுக்குக் குனிந்துகொண்டே போனேன். கிள்ளான் பாலத்தில் ஏறியபோது என் நெஞ்சு அடித்த அடியில் அருள்நிறை மந்திரம் பாதியில் மறந்துபோனது.

கிள்ளான் தாண்டி ஜெஞ்சாரோம் போகிற ரோட்டில், வண்டியின் மூக்கிலிருந்து புகை வந்தது. பிறகு விசில் அடித்தது. ஒரு ஒட்டுக்கடை முன்னால் மாமா வண்டியை ஓரம் கட்டினார். சாக்கைச் சுற்றி மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஆவி போனது. அதன் பின்னால், பொங்கின கஞ்சிப் பானை மாதிரி கொழகொழவென்று பசை எழும்பி வந்து வழிந்தது.

சிப்பாய்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "ஆப்பா இனி?" என்றார், இது என்ன என்று.

"ஊபி காயூ, துவான்" என்றார் மாமா, மரவள்ளி என்று. ஒழுகியது, முட்டைதான் போட வேண்டும், "தெலோர் தாடா, துவான்", முட்டை இல்லை என்றார்.

விழுந்தது அறை. மாமாவின் தொப்பி வாய்க்காலில் போய் விழுந்தது. அதிகாரி இடுப்பு வாளின் பிடியில் கை வைத்தார்.

முட்டை இருந்ததே, அதை நான்தானே தின்றேன். மாமாவுக்கு விழுந்தது என் வயிற்றுக்குள் இருக்கிற முட்டைக்காக என்று தோன்றியது. வண்டியிலிருந்து குதித்து ஓடி, பள்ளிக்கூடத்தில் படித்த ஜப்பான் பாஷையில் அழுதுகொண்டே, "தாமாகோ, வாத்தாஷி தாபேமாஷ்தா" என்றேன். முட்டையை நான் தின்றுவிட்டேன் என்று அர்த்தம். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். வழிகிற பசையைப் பார்த்தார். வாளின் மேலிருந்த கை மெதுவாக எழும்பி என் தலைக்கு வந்தது. பிள்ளைக்கு முட்டையைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு மாவைக் கொடுத்த மடையன் என்று நினைத்திருப்பார். அவருக்கும் ஊரில் ஒரு பெண் பிள்ளை இருந்திருக்கலாம். தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டுக் கடைப் பெஞ்சியில் போய் உட்கார்ந்தார். லோரியில் ஏறிப் போய்விடலாமே என்று கேட்பீர்கள். தோட்டத்தில் போய் லோரியிலிருந்து குதித்து இறங்குகிற ஆள் இல்லை அவர்.

கடைக்காரர் நம்முடைய தமிழ் முஸ்லிம். மாமா அவரிடம் ரோடே கேட்கிற மாதிரி கத்தினார்.

"நானா, தண்ணி சீக்கிரம் கொண்டாங்க. இந்த ரோட்டுக் கடைசியில இருக்கிற தோட்டத்துக்குப் போயாகணும் நாங்க. இன்னிக்கு அரிசி கொடுக்கிறாங்கன்னு சனமெல்லாம் ஒரே இடத்துல கூடி நிக்கும். லோரி வேற காலியா நிக்குது பாருங்க."

கடைக்காரர் லோரியைப் பார்த்தார். பின்பக்கம் போய், வாய்க்காலிலிருந்து ஒரு வாளி மொண்டுவந்தார். தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. மாமா விரலை விட்டுப் பார்த்துவிட்டு அதைத் தரையில் கொட்டினார்.

"இத ஊத்தினா உள்ள வாய்க்காலே வெட்டிடலாம். மழைத் தண்ணியா பாருங்க நானா."

அடுத்த வாளி வந்தது. அதைக் கொண்டுவந்தது கடைக்காரர் இல்லை, யாரோ ஒரு மலாய்க் கிழவர். கிணற்றுத் தண்ணீர். மாமா நாக்கில் ஒரு சொட்டு வைத்து, உப்பு என்று துப்பினார். அதையும் கொட்டினார். பித்தளை அரித்துவிடும் என்று அதிகாரிக்குக் கைச்சாடையாக விளக்கினார். "சிக்கிட் லாகி, துவான்", இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார். கன்னம் வீங்கித் தொங்குகிறது, இந்த மனுஷனுக்கு இப்போதும் மழைத் தண்ணீர்தான் வேண்டுமா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரை மறைக்கத்தான் நான் பாட ஆரம்பித்தேன். தெரிந்த ஜப்பான் பாட்டை எல்லாம் பாடினேன். சிப்பாய்கள் தாளம் போட்டார்கள். அதிகாரி இன்னொன்று, இன்னொன்று என்று விரல் காட்டினார்.

பாடிக்கொண்டிருக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கடை ஓரத்தில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. டயர் கிடைக்காத காலம் என்பதால், சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வந்து இறங்கியதும் அதை அதிசயமாகப் பார்த்திருந்தேன். இப்போது அதைக் காணோம். கடைக்காரரையும் காணோம். மரவள்ளிக்கிழங்கு அடுப்பில் தீய்ந்துகொண்டிருந்தது.

மலாய்க் கிழவர் கடைசியில் தன் வீட்டுச் சாடியிலிருந்து மழைத் தண்ணீர் கொண்டுவந்தார். மாமா மோந்து பார்த்துத் தலையாட்டினார். கொதிக்கிற ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் விட்டால் வெடித்துவிடும், ஆறட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு பசையை வழித்து, அலசி, ஊற்றி, மறுபடி அலசினார். பொறுமையாக, பீப்பாய் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற அதே ஒழுங்கில்.

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அரிசி மூட்டைகள் இருந்தன. பெண்களும் கிழவர்களும் பாத்திரத்தோடு வரிசையில் நின்றார்கள். ஆம்பளை என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. அதிகாரி வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தார். லோரி காலியாகத் திரும்பியது. என் முதல் மோட்டார் சவாரி அவ்வளவு சீக்கிரம் முடிந்துபோனதே என்று வரும் வழியெல்லாம் எனக்கு ஏக்கம்.

ரேடியேட்டரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று மாமாவை வண்டியிலிருந்து இறக்கி, விமானத் திடலில் மண் வெட்ட அனுப்பினார்கள். சண்டை முடியும் வரை வெட்டினார். மாதாவின் கிருபையால் உயிரோடு இருந்தார். கஞ்சி டிரைவர் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

எனக்குக் கல்யாணமாகி, என் பிள்ளைகளுக்கு மரவள்ளி மாவில் கூழ் கிண்டும்போதுதான் அது கண்ணில் பட்டது. பச்சைத் தண்ணீரில் அது பாலாக ஓடும். சூடு ஏறினால்தான் பசையாகும். வீட்டு வாசலில் ஆகாது, வழியில்தான் ஆகும். கரண்டியைப் பிடித்தபடி அடுப்பு முன்னால் அப்படியே நின்றேன். அதற்குள் மாமா கல்லறைக்குப் போயிருந்தார்.

அந்தச் சவாரிக்கு அடுத்த சனிக்கிழமை மாமா பாவசங்கீர்த்தனத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனதை எழுத வேண்டும். எனக்கு முன்னால் அவர் போய் முழங்காலிட்டுச் சொல்லிவிட்டு, சட்டென்று எழுந்து வந்தார். கன்னத்தில் இன்னும் வீக்கம் வடியவில்லை. கோயில் படியில் இறங்கும்போது, கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"என்ன பாவம் மாமா சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்னு சொன்னேன்."

"என்ன பொய்?"

"முட்டை இல்லேன்னு சொன்னேன்ல, அது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் தின்ற முட்டைக்காக அவர் பாவமன்னிப்புக் கேட்டிருக்கிறாரே.

"மாவ ஊத்தினத சொன்னீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "அது பாவமில்லே, புள்ளே" என்றார்.

முட்டாள்தனம் பாவக் கணக்கில் சேராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்தபடி வீட்டுக்கு நடந்தேன்.

இவ்வளவுதான் நான் கண்டது. இதைப் படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது மாமா கையில் துப்பாக்கி கொடுத்துவிடாதீர்கள், வாங்கிய அறையைக் குறைத்துவிடாதீர்கள். மாவை மாவாகவும் முட்டையை முட்டையாகவும் விடுங்கள். அந்தச் சைக்கிளை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். மிச்சத்துக்குச் சர்வேசுரன் சாட்சி.