ஊதா மூடிக் குழாய்

எங்கள் வகுப்பில் முப்பத்தாறு பேர். முப்பத்தைந்து பேருக்கு ஏறக்குறைய என் வயதுதான். மிச்சமிருந்த ஒருவருக்கு முப்பத்தெட்டு. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்த முதல் நாள், அவரை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து வணக்கம் சொன்னவள் நான். வகுப்பே சிரித்தது. அவர் மேல் எனக்கு வந்த முதல் கோபம் அதுதான்.

அவர் பன்னிரண்டு வருஷம் பேருந்தில் கண்டக்டர். டிக்கெட் கொடுக்க இயந்திரம் வந்ததும் வேலை போனது. சும்மா வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார். வீட்டில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் இவரும் ஒரே மேசையில் படிப்பார்களாம். யாருக்கு மார்க் குறைகிறதோ அவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்று ஒப்பந்தம். முதல் பருவம் முழுக்கத் தான்தான் கழுவியதாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்கள் அவரைக் கண்டக்டர் அக்கா என்றே கூப்பிட்டோம்.

அக்கா யாரையும் நம்ப மாட்டார். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் நம் கையைப் பார்ப்பார். ரத்தம் எடுத்துப் பழக ஒருவருக்கொருவர் கை நீட்டும் வகுப்பில்கூட, ஊசியை எடுப்பதற்கு முன் பேர் கேட்பார். ரெண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று சலித்துக்கொண்டால், "இருக்கட்டும், பேரைச் சொல்லு" என்பார். சொன்னால்தான் கையைத் தொடுவார். பேருந்தில் சந்தேகப்பட்டால் சண்டை வரும், இங்கே சந்தேகப்பட்டால் மார்க் வருகிறது என்று அவருக்கு ஒரே மகிழ்ச்சி.

எனக்குப் பிடிக்காதது அவருடைய சின்ன நோட்டு. மேல்சட்டைப் பையிலிருந்து எடுப்பார், ரெண்டு வரி எழுதுவார், யாரும் பார்க்கும் முன் உள்ளே வைத்துவிடுவார். மூன்றாம் வருஷம் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போனபோது அந்த நோட்டு என் தூக்கத்தைக் கெடுத்தது. அங்கே ஆய்வகத்தில் தவறுப் பதிவேடு ஒன்று உண்டு. ஒருவர் பேரில் மூன்று பதிவு விழுந்தால் பயிற்சியை முதலிலிருந்து செய்ய வேண்டும், பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். என் பேரில் அதற்குள் ரெண்டு விழுந்துவிட்டது. ஒரு தடவை குழாயில் பேர்ச் சீட்டை மாற்றி ஒட்டினேன், இன்னொரு தடவை ரத்தத்தை நெடுநேரம் தட்டிலேயே விட்டுவிட்டேன். ரெண்டு நாளும் அக்கா நோட்டில் எழுதியதை என் கண்ணால் பார்த்தேன். ரெண்டையும் முடிச்சுப் போட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. போட்டுக் கொடுக்கிற ஆள் என்று தோழிகளிடம் சொன்னேன். அவர்களும் அக்கா வந்தால் பேச்சை நிறுத்தினார்கள்.

அப்பா என்னை நம்பி, மகள் வருஷக் கடைசியில் வேலைக்குப் போகிறாள் என்று சொந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அன்று காலை பதினாலாம் படுக்கையில் ரத்தம் எடுக்கப் போனேன். ஓய்வுபெற்ற தபால்காரர். முதல் குத்தில் நரம்பு கிடைக்கவில்லை. ரெண்டாவதில் ஊதா மூடிக் குழாய் நிறைந்தது, சிவப்பு மூடிக் குழாய் பாதியிலேயே நின்றுவிட்டது. மூன்றாவது தடவை குத்த எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கைக்குத் தைரியம் வரவில்லை. திரைக்குப் பின்னால் நின்று ஊதாவிலிருந்து கொஞ்சம் சிவப்பில் ஊற்றினேன். ஒரே ஆளுடைய ரத்தம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஊதாக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து தடவியிருக்கும் என்பதும், அதில் பொட்டாசியம் உண்டு, அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதும் முதல் வருஷப் பாடம். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியவள் நான்.

முடிவு வந்தது. பொட்டாசியம் ஒன்பதுக்கு மேல். ஐந்தரையைத் தாண்டினாலே கவலைப்படுவார்கள். பொறுப்பாளர் மேடம் வார்டுக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்தார். அவர் சொன்னால் அங்கே உடனே மருந்து ஏறும். இல்லாத நோய்க்கு ஏறும் அந்த மருந்து, சரியாக இருக்கும் பொட்டாசியத்தைப் பாதாளத்துக்கு இறக்கும். இதயம் நின்றும் போகலாம். எனக்கு எல்லாம் தெரிந்தது, வாய்தான் திறக்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றார் அக்கா. "கால்சியத்தைப் பாருங்க. பாதிகூட இல்ல. நிஜமாவே இப்படி இருந்தா அந்த ஆளு பேசிக்கிட்டிருக்க முடியாது. குழாயிலதான் ஏதோ சந்தேகம்."

மேடம் தயங்கினார். தவறாக இருக்கலாம், மருந்து கொடுக்கும் முன் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறோம் என்று மட்டும் வார்டுக்குச் சொன்னார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்று, காலையில் குழாயில் ரத்தம் போதுமான அளவு வந்ததா என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் எதையும் ஊத்தலையே" என்றேன்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று சொன்ன கதைதான். அக்கா வார்டுக்கு ஓடினார். தபால்காரர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். புது ரத்தத்தில் பொட்டாசியம் நாலு புள்ளி ஒன்று.

மேடம் பதிவேட்டை அக்காவிடம் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா தேதி, படுக்கை எண், நடந்தது எல்லாவற்றையும் எழுதி, பேர் எழுதும் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு என் முன்னால் தள்ளினார்.

"டிக்கெட் எடுக்காதவங்கள நான் உடனே இறக்கிவிட மாட்டேன். மறந்துட்டீங்களான்னு ஒரு தடவ கேப்பேன். இப்பவும் அதான்மா கேக்குறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே ரெண்டு தடவை என்னைப் போட்டுக் கொடுத்தவர்தானே, இதையும் நீங்களே எழுதுங்கள் என்று கத்திவிட்டேன். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. அந்த ரெண்டு தடவையும் வார்டிலிருந்துதான் மேடத்துக்குப் புகார் வந்தது என்றார். நான் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்கும். பையிலிருந்து நோட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

பக்கம் பக்கமாக அவருடைய தவறுகள். 'குழாயை எட்டு தடவை கவிழ்த்துக் கலக்க மறந்தேன்.' 'கையுறை மாற்றாமல் கதவைத் தொட்டேன்.' மூன்று வருஷத் தவறுகளும் அப்படியே இருந்தன, என் பேரில் பதிவு விழுந்த ரெண்டு நாளிலும் அவர் தவறுதான். கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி. 'காலையில் அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். கூடப் போயிருக்க வேண்டும்.'

அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தக் கட்டத்தில் என் பேரை எழுதினேன்.

பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அப்பா பத்து நாள் என்னோடு பேசவில்லை. தோழிகளிடம் அக்காவைப் பற்றிச் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு அதைவிட அதிக நாள் பிடித்தது.

பதிவேட்டில் பேர் எழுதிய மறுநாள் காலை பதினாலாம் படுக்கைக்கு நானே போனேன். அக்காவும் கூட வந்து, திரையோரம் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தபால்காரரிடம் பேர் கேட்டேன்.

"நேத்தும் நீதானேம்மா வந்த? என்னத் தெரியாதா?" என்றார்.

"தெரியும் ஐயா. இருந்தாலும் சொல்லுங்க."

அவர் சொன்னார். குழாயில் ஒட்டியிருந்த பேரோடு சரிபார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் கையைத் தொட்டேன்.