இத்தா முடிந்த பிறகும்

மன்னார் உப்புக்குளத்துப் பெண்கள் சபூராவின் பேரைச் சொல்லும்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டுதான் சொல்வார்கள். கணவர் இறந்து மௌத்தான பிறகு நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தா இருப்பது எல்லாரும் செய்வதுதான். அதற்காக ஊர் யாரையும் தூக்கிவைத்துக் கொண்டாடாது. ஆனால் சபூராவின் இத்தா முடிந்து, அடுத்த நோன்பும் வந்து போய்விட்டது, அவள் இன்னும் வாசல் படலையைத் தாண்டவில்லை. "மௌத்தான மனிசனை அப்பிடி மதிச்சவ" என்றார்கள். சோதனை எழுதப் போகும் பிள்ளைகளைக் கூட்டிவந்து, அல்லாஹ்விடம் கேட்டுத் துஆச் செய்யச் சொன்னார்கள். ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பிறகு யார் சொல்லும் எடுபடாது.

சபூரா மறுத்துப் பேசவில்லை. மறுத்துவிட்டு எதைச் சொல்வது? தனக்கு என்ன நடக்கிறதென்று அவளுக்கே தெரியாது.

கணவர் பக்கீர் இருந்தபோதே அது தொடங்கிவிட்டது. மகள் நிஸ்லாவைச் சிலாவத்துறையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மன்னார்ப் பெரிய பாலத்தின் நடுவில், நெரிசலான பஸ்ஸுக்குள் சபூராவின் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. கை விறைத்தது. மூச்சு தொண்டையோடு நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர், இறங்கி ஓட வழியில்லை. மௌத்து வந்துவிட்டதென்று சாகும்போது சொல்லும் கலிமாவையும் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்து, இருதயத்தில் ஒரு குறையும் இல்லை, வாயுவாக இருக்கும் என்று அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் மீன் சந்தையிலும் அதே கூத்து. பஸ்ஸை விட்டாள், பிறகு சந்தையை விட்டாள், பிறகு பக்கத்துத் தெருக் கல்யாணத்தையும் விட்டாள். "உனக்குப் பஞ்சி" என்று அவள் சோம்பலைக் குறைசொல்லி முணுமுணுத்தபடி பக்கீர்தான் மீனும் மரக்கறியும் வாங்கிவந்தார்.

அந்த மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். சபூரா அழுத அழுகை பொய்யில்லை. ஆனால் இத்தா தொடங்கியதும், அந்த அழுகைக்கு நடுவிலேயே, அவள் உடம்பெல்லாம் ஒரு நிம்மதி பரவியது. இனி யாரும் "வா, போவம்" என்று கூப்பிட மாட்டார்கள். புருசன் மௌத்தான வீட்டில் நிம்மதியா? நான் என்ன பிறவி? தஸ்பீஹ் மணியை உருட்டினாலும் இந்தக் கேள்வி விடவில்லை.

இந்த நிலையில்தான் நிஸ்லாவுக்குப் பிள்ளை தங்கியது. கடைசி மாதங்களில் பிறஷர் ஏறி, பெறும்வரை மன்னார் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். உப்புக்குளத்திலிருந்து அது கூப்பிடு தூரம். "உம்மா, ஒருக்கா வாங்க" என்று நிஸ்லா போனில் கெஞ்சினாள். "இன்ஷா அல்லாஹ்" என்றாள் சபூரா. மறுபடி கேட்டாள். மறுபடியும் இன்ஷா அல்லாஹ்தான். கடைசியில் மகளின் குரல் உடைந்தது.

"மௌத்தான வாப்பாக்கு இருக்கிற மரியாதை உசிரோட இருக்கிற எனக்கு இல்லையா உம்மா?"

அப்படியில்லை மகளே என்று சொல்ல வாய் வரை வந்ததைச் சபூரா விழுங்கிவிட்டாள். பைத்தியக்கார உம்மா என்ற பேரைவிடப் பக்தியான உம்மா என்ற பேர் எவ்வளவோ மேல் என்று நினைத்தாள். என்ன கணக்கோ அது!

ஆனாலும் பெற்ற வயிறு கேட்கவில்லை. மறுநாள், தன்னை அக்கா முறையில் 'ராத்தா' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு றுஷ்தாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வீட்டுச் சந்தான ஒழுங்கை முடிகிற இடத்தில் கழுதைகள் வழியை மறித்து நின்றன. ஆட்டோ நின்றது. அவ்வளவுதான். "திருப்புங்க! வீட்ட திருப்புங்க!" என்று சபூரா அலறிய அலறலில் கழுதைகளே மிரண்டு விலகின. வியர்வையில் அவள் உடுப்பு நனைந்து ஒட்டியதை றுஷ்தா பார்த்தாள்.

 அந்தக் கிழமை முடியுமுன்னே றுஷ்தா ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். "ராத்தா, இவ கிருஷாந்தினி. மனசுக்குப் பார்க்கிற டொக்டர்."

"எனக்குப் பைத்தியமில்ல" என்றாள் சபூரா, கதிரையைக்கூடக் காட்டாமல்.

"ஓம், இல்லைத்தான் அக்கா" என்று டொக்டர் தானே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அகோராபோபியா என்றார். பேரைக் கேட்டால் மன்னாரில் போர்த்துக்கீசன் கட்டிய இன்னொரு கோட்டை போல இருந்தது. தப்பி ஓட முடியாத இடம், உதவிக்கு ஆளில்லாத இடம் என்று மனம் நினைக்கிற இடத்திலெல்லாம் பயம் பிடிக்குமாம்.

"வீட்டு நாய் ஒருநாள் தபால்காரனைப் பார்த்துக் குரைக்குது. நீங்கள் பயந்து உள்ளுக்கு ஓடுறியள். நாய் என்ன நினைக்கும்? நான் குரைச்சதாலதான் இவ தப்பினவ எண்டு. அடுத்த முறை இன்னும் பலமாக் குரைக்கும்."

"நாங்க நாய் வளக்கிறேல்ல" என்றாள் சபூரா.

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வளர்க்க வேண்டாம். உங்கட பயமும் அந்த நாய் மாதிரித்தான், குரைக்கேக்க ஓடாமல் நிண்டு பாருங்கோ. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானா இறங்கும். அதுவரைக்கும் நிக்கவேணும். இண்டைக்குப் படலை, பிறகு ஒழுங்கை, பிறகு சந்தி. விழுங்கக் குளிசையும் தாறன்."

"இது ஏன் எனக்கு வந்திச்சு? சின்னப் பிள்ளையில எங்கள ஊரவிட்டு விரட்டி, வள்ளத்தில ஏத்திப் புத்தளத்துக்கு அனுப்பின பயமா? இல்லாட்டி ஜின் பிடிச்சதா?"

"அந்த இடப்பெயர்வாவும் இருக்கலாம். பரம்பரையா வந்ததாவும் இருக்கலாம். இதுதான் காரணம் எண்டு ஒண்டை மட்டும் பிடிச்சுச் சொல்ல என்னால ஏலாது."

சபூராவுக்கு ஏமாற்றமாக இருந்தது. படித்தவருக்கே தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்? தயங்கித் தயங்கி அந்த நிம்மதியைப் பற்றியும் கேட்டாள்.

"வெளியில போகாதேங்கோ எண்டு ஊரே சொன்னால் இந்த நோய்க்குச் சுகம்தானே அக்கா. அது பாவமில்லை."

பாவமில்லை என்றதும் சபூரா அழுதுவிட்டாள். நம்பினாளா என்றால், அரைவாசிதான் நம்பினாள்.

றுஷ்தாவின் கையைப் பிடித்துப் படலைக்கு வெளியே நின்று பழகினாள். பிறகு கையை விட்டு நின்றாள். ஒருநாள் சந்திவரை போவாள், அடுத்த நாள் படலையே மலையாகத் தெரியும். குளிசை வேலை செய்கிறதா, ஓதுகிற குர்ஆன் ஆயத்து வேலை செய்கிறதா என்றும் விளங்கவில்லை. ஊருக்கோ வேறு கவலை. "பாத்தீங்களா, மனிசன மறந்திட்டா" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். துஆக் கேட்டு யாரும் வருவதில்லை. அது சபூராவுக்குக் கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஒரு காலையில் மருமகன் நிப்ராஸ் போன் எடுத்தான். ஒப்பரேசன் செய்து பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. சபூரா றுஷ்தாவோடு புறப்பட்டாள். ஆஸ்பத்திரி விறாந்தையில் அது வந்தது, பாலத்தில் வந்ததைப் போலவே. சனம் இடித்துக்கொண்டு போனது. திரும்பிவிடு என்று கால்கள் இழுத்தன. அவள் சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்து மூச்சை மெல்ல விட்டாள். இறங்காதோ என்று நினைத்த பயம் கொஞ்சம் இறங்கியது. முழுதாக இறங்குமுன்னே எழுந்து வார்டுக்குள் போனாள்.

நிஸ்லா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இப்பவாவது வாப்பா விட்டாரா?"

"வாப்பா ஒருநாளும் பிடிச்சு வைக்கேல்ல மகள். எனக்குப் பயம். தெருவுக்கு இறங்கினா செத்துப்போவன் எண்ட பயம். இப்பவும் நடுங்குது, பாருங்க."

நிஸ்லா திரும்பி அந்தக் கைகளைப் பார்த்தாள். 

"என்னைவிட மௌத்தான ஆள்தான் உங்களுக்குப் பெரிசு எண்டு எத்தின நாள் அழுதனான் தெரியுமா? பயம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானே வந்து கையப் பிடிச்சிருப்பனே. ஏன் உம்மா சொல்லேல்ல?"

சபூரா கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள்.  

"தெரியாது மகள்" என்றாள்.

நிஸ்லா பக்கத்தில் கிடந்த பிள்ளையை அவள் பக்கமாக மெல்ல நகர்த்தினாள். "தூக்குங்க" என்றாள். "நடுங்கினாப் பரவாயில்ல."